பாடிப் போகிறவனுக்கு எத்தனை வருஷம்?

கேள்வி: என் மகன் பிளஸ் டூ படிக்கிறான். பதினேழு வயது. எங்கள் ஊர் கபடி அணியில் அவன்தான் முதல் ரெய்டர். திருச்செங்கோடு, சங்ககிரி, பள்ளிபாளையம், ராசிபுரம் என்று எங்கே மின்னொளிப் போட்டி நடந்தாலும் போய்விடுகிறான். வெளியூர் அணிக்காரர்களும் கையில் பணம் கொடுத்துக் கூப்பிடுகிறார்கள். வீட்டுக்காரர் போர்வெல் ரிக் வண்டியோடு வெளிமாநிலம் போனால் திரும்பி வர மாதக்கணக்காகும். பையனைக் கண்டிப்பதும் நான்தான், அடிபட்டு வந்தால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதும் நான்தான். அமெரிக்காவில் டாலஸில் இருக்கும் என் அண்ணன் மகன், இவன் ஆடுகிற வீடியோவைப் பார்த்துவிட்டு, “அத்தை, இவன் எம்மிட் ஸ்மித் மாதிரி நழுவுறான். படிப்பு படிப்புன்னு தடுத்துடாதீங்க” என்கிறான். யார் அந்த எம்மிட் ஸ்மித்? ரெய்டராக ஒருவன் எத்தனை வருஷம் ஆட முடியும்? இதை நம்பிப் பையனை விடலாமா?

– ஒரு வாசகி, திருச்செங்கோடு

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பையனை ஆட விடுங்கள். அதை மட்டுமே நம்பி விட்டுவிடாதீர்கள். இப்படி ஏன் சொல்கிறேன் என்பது நீங்கள் கேட்ட மற்ற இரண்டு கேள்விகளுக்குள்ளேயே இருக்கிறது.

எம்மிட் ஸ்மித் அமெரிக்கக் கால்பந்து வீரர். உங்கள் அண்ணன் மகன் இருக்கும் டாலஸின் சொந்த அணியான கவ்பாய்ஸுக்கு 1990 முதல் 2002 வரை ஆடினார். பிறகு அரிசோனா அணிக்கு இரண்டு சீசன். அந்த ஆட்டத்தில் முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு எதிரணியின் எல்லையை நோக்கி ஓட வேண்டும். எதிரே பதினொரு பேர், ஓடுகிறவனைப் பிடித்துத் தரையில் சாய்ப்பதற்கென்றே நிற்பார்கள். பந்தை வாங்கிக்கொண்டு அந்தக் கூட்டத்துக்குள் புகுகிறவருக்கு ரன்னிங் பேக் என்று பெயர். நடுக்கோட்டைத் தாண்டித் தனியாக ஏழு பேர் நடுவே பாடப் போகிற நம் ரெய்டருக்கு மிக நெருங்கிய உறவு அவர்தான். உங்கள் அண்ணன் மகனின் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது.

ஸ்மித் தன் வாழ்நாளில் ஓடிச் சேர்த்த தூரம் 18,355 கெஜம். இன்றுவரை அதை யாரும் தாண்டவில்லை. அதற்கு முன் வால்டர் பேட்டனின் 16,726 கெஜம்தான் உச்சமாக இருந்தது. 2002 அக்டோபர் 27 அன்று சியாட்டில் அணிக்கு எதிரான ஆட்டத்தில் ஸ்மித் அதைக் கடந்தார். 18,355 கெஜம் என்றால் ஏறக்குறைய 16.8 கிலோமீட்டர். உங்கள் ஊரிலிருந்து பள்ளிபாளையம் போகிற தூரம்தான் இருக்கும். அந்தத் தூரத்தை அவர் 4,409 தடவையாகப் பிரித்து ஓடினார். ஒரு தடவைக்குச் சராசரியாக நாலு கெஜத்துக்குக் கொஞ்சம் மேல். அநேகமாக ஒவ்வொரு தடவையும் கடைசியில் யாரோ ஒருவர், சில சமயம் மூன்று பேர், அவர் மேல் விழுந்து சாய்த்திருக்கிறார்கள். சாதனை என்கிறோமே, அதற்குள் இருப்பது இத்தனை ஆயிரம் விழுதல்கள். அத்தனை தடவை விழுந்தும் எழுந்து மறுவாரம் ஆடத் தயாராக நின்ற உடம்புதான் அவருடைய உண்மையான திறமை என்பேன்.

அவர் ஆஜானுபாகுவும் இல்லை, மின்னல் வேகக்காரரும் இல்லை. உயரம் 5 அடி 9 அங்குலம். உருவம் சிறிது, வேகம் போதாது என்று சொல்லிப் பல அணிகள் அவரைத் தாண்டிப் போயின. 1990-ல் வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது பதினாறு பேருக்குப் பிறகுதான் அவர் பெயர் வந்தது. ஆனால் அவருக்குக் காத்திருக்கத் தெரியும். பந்து கைக்கு வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு பாய மாட்டார். முன்னால் போகிற சகாக்கள் எதிரிகளை முட்டி வழி திறக்கும்வரை அரை நொடி தாமதித்து, திறந்த இடத்தில் தாழ்ந்த உடம்போடு புகுந்துவிடுவார். பெரும்பாலும் மோதலை நெஞ்சில் வாங்காமல் பக்கவாட்டில் வாங்குவார். அவருக்கு முன்னால் வழி திறந்தவர்களில் ஒருவரான டேரில் ஜான்ஸ்டன் கழுத்தில் பட்ட காயத்தால் ஆட்டத்தை விட்டே போக நேர்ந்தது. ஸ்மித்தின் கெஜக் கணக்கில் அந்த மனிதரின் கழுத்தும் சேர்ந்திருக்கிறது. உங்கள் மகனிடம் இதைச் சொல்லுங்கள். பாடிவிட்டு வந்து தொடையைத் தட்டும்போது, முன்பு இவன் அவுட்டாகி வெளியே இருந்தபோது எதிராளியின் காலைப் பிடித்து மடக்கி இவனை மறுபடி உள்ளே கொண்டுவந்த கார்னர்காரனை நினைத்துக்கொள்ளட்டும்.

இனி நம் ஆட்டத்துக்கு வருகிறேன். ஸ்மித் போல நம் கபடியில் சாதனைக் கணக்கு வைத்திருப்பவர் பர்தீப் நர்வால். ஹரியாணாவில் சோனிபத் மாவட்டத்து ரிந்தானா கிராமத்தில் 1997-ல் பிறந்தவர். ‘டுப்கி கிங்’ என்றால் உங்கள் மகனுக்கு உடனே தெரியும். புரோ கபடி லீகில் 190 ஆட்டங்களில் 1,801 ரெய்டு புள்ளிகள் எடுத்தவர்.

அந்த டுப்கியைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ரெய்டர் உள்ளே போகிறான். கார்னரும் அவனுக்கு அடுத்தவனும் கையைக் கோர்த்துச் செயின் போட்டுக்கொண்டு திரும்பும் வழியை மறைக்க வருகிறார்கள். சாதாரண ரெய்டர் பின்னால் தாவுவான், அல்லது தள்ளிக்கொண்டு கோட்டை நோக்கிக் கையை நீட்டுவான். பர்தீப் அவர்கள் நெருங்கிவரும்வரை நிற்பார். கோர்த்த கைகள் தன் மார்பு உயரத்துக்கு வந்ததும் இடுப்பை மடித்து அந்தக் கைகளுக்குக் கீழே தலையை விட்டு, ஒரே எட்டில் மறுபக்கம் எழுந்துவிடுவார். பிடிக்க வந்தவர்கள் தொடப்பட்டவர்களாகி வெளியே போவார்கள். ஸ்மித்தின் காத்திருப்பும் தாழ்வும் இதிலும் அப்படியே இருப்பதைப் பாருங்கள். அவசரப்பட்டுக் குனிந்தால் முதுகில் ஏறிப் படுத்துவிடுவார்கள். இது நேரம் பார்த்துச் செய்கிற வேலை.

2017-ல் நடந்த ஐந்தாவது சீசனில் பாட்னா பைரேட்ஸுக்காக 26 ஆட்டங்களில் 369 ரெய்டு புள்ளிகள் எடுத்தார். ஹரியாணா ஸ்டீலர்ஸுக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் 34 புள்ளிகள். அதில் ஒரு ரெய்டில் எதிரே நின்ற ஆறு பேரையும் சேர்த்து வெளியே அனுப்பினார். அந்த வருஷ இறுதியாட்டம் நம் சென்னையில்தான் நடந்தது. பாட்னா தொடர்ந்து மூன்றாவது முறையாகக் கோப்பையை எடுத்தது. பாட்னாவிலேயே மோனு கோயத் என்ற இன்னொரு நல்ல ரெய்டர் பாடியதால், எதிரணிக்காரர்களால் முழு மூச்சையும் பர்தீப் ஒருவர் மேல் செலவிட முடியவில்லை. அப்போது பர்தீபுக்கு வயது இருபது.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். 2017-ல் ஆட்டத்துக்குச் சராசரியாகப் பதினான்கு புள்ளிகள். 2019-ல் 22 ஆட்டங்களில் 302. அப்போதும் உச்சத்தில்தான் இருந்தார். கொரோனாவால் லீக் நின்று, 2021-ல் நடந்த ஏலத்தில் யு.பி. யோதா அணி 1 கோடியே 65 லட்சம் ரூபாய்க்கு அவரை எடுத்தது. அன்றைய தேதிக்கு அதுவே கபடியில் மிகப் பெரிய தொகை. அந்தச் சீசனில் 24 ஆட்டங்களில் 188 புள்ளிகள். ஆட்டத்துக்கு எட்டுகூட வரவில்லை. அடுத்த சீசனில் 220 எடுத்துக் கொஞ்சம் எழுந்தார். அதற்கடுத்து 17 ஆட்டங்களில் 122. 2024-ல் பெங்களூரு புல்ஸ் 70 லட்சத்துக்கு வாங்கியது. அந்தச் சீசனில் மொத்தம் 111 புள்ளிகள். 2025 ஏலத்தில் அவர் பெயர் வாசிக்கப்பட்டபோது எந்த அணியும் கை தூக்கவில்லை. அதோடு ஓய்வை அறிவித்துவிட்டார். வயது இருபத்தெட்டு.

அவருக்கு என்ன ஆயிற்று என்று பலரும் பலவிதமாகச் சொன்னார்கள். என் கணக்கு இது. எல்லாப் பயிற்சியாளர்களும் அவருடைய ரெய்டுகளை வீடியோவில் ஓட்டி ஓட்டிப் பார்த்தார்கள். நெருங்கிப் போய்ச் செயின் போட்டால்தானே குனிவார் என்று, கார்னர்கள் தள்ளி நின்று கணுக்காலுக்குக் காத்திருந்தார்கள். இன்னொரு பக்கம், இடுப்பையும் முழங்காலையும் அப்படி மடித்து நிமிர்கிற வேகம் எந்த மனிதனுக்கும் வருஷா வருஷம் ஒரே அளவில் இருக்காது. ஒரு கணம் தாமதமாக நிமிர்ந்தால் டுப்கி போய்விடும். அவருடைய சாதனையை இது ஒன்றும் குறைக்கவில்லை. தொடர்ச்சியாக மூன்று கோப்பை எடுத்த அணியின் முதுகெலும்பாக இருந்தவர் அவர். நான் பார்த்த ரெய்டர்களில் அவரைவிடப் பெரியவர் இல்லை. அப்பேர்ப்பட்டவருக்கே வாய்த்தது பத்து சீசன், அதிலும் உச்சம் என்று சொல்லத்தக்கது பாதி கூட இல்லை.

இதற்கு நேர் எதிரான கணக்கும் அதே பாட்னா அணியில் இருந்தது. 2016-ல் பாட்னா கோப்பை வென்றபோது அணியின் கேப்டன் நம் தஞ்சாவூர் மாவட்டத்து தர்மராஜ் சேரலாதன். அப்போது அவருக்கு 41 வயது. பர்தீபுக்கு 19. சேரலாதன் பிடிக்கிற ஆள், கார்னர். அதற்குப் பிறகும் மூன்று வருஷம், 44 வயதுவரை அந்த லீகில் ஆடினார். ஒரே களம், ஒரே அணி. பிடிக்கிறவருக்கு அனுபவம் சேரச் சேர ஆட்டம் வளர்கிறது. எங்கே நிற்பது, எப்போது இறங்குவது என்பதை வயது சொல்லிக்கொடுக்கிறது. பாடப் போகிறவருக்கு அனுபவம் சேர்கிற அதே வேகத்தில் கால் தேய்கிறது. ஒவ்வொரு பாட்டிலும் மோதலைத் தேடிப் போகிறவர் அவர்தானே. அமெரிக்காவிலும் இதே கதைதான். இருபத்தேழு, இருபத்தெட்டு வயதைத் தாண்டிய ரன்னிங் பேக்குக்குப் பெரிய தொகை கொடுக்க அணிகள் தயங்குகின்றன. முப்பத்தைந்து வயதில் 937 கெஜம் ஓடிவிட்டு விலகிய ஸ்மித் ஒரு விதிவிலக்கு. அவரைக் காட்டி யாருக்கும் வாழ்க்கைத் திட்டம் போடக் கூடாது.

ஆக, உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில்: நல்ல ரெய்டருக்கு, பெரிய காயம் எதுவும் இல்லாமல் இருந்தால், உயர்மட்ட ஆட்டத்தில் எட்டு முதல் பத்து வருஷம். காயம் பட்டால் ஒரே மாலையில் முடியலாம்.

காயம் என்று வந்துவிட்டதால் இரண்டு பேரைச் சொல்லியாக வேண்டும். டென்வர் அணியின் டெரல் டேவிஸ் 1998-ல் ஒரே சீசனில் 2,008 கெஜம் ஓடியவர். மறுவருஷம் நாலாவது ஆட்டத்தில் பந்து எதிரணி கைக்குப் போய்விட்டது. அதைக் கொண்டு ஓடியவரைத் தடுக்கப் பாய்ந்தபோது அவருடைய முழங்கால் லிகமெண்ட் கிழிந்தது. வயது 26. அதன் பிறகு இரண்டு சீசனிலும் சேர்த்துப் பதின்மூன்று ஆட்டங்களோடு முடிந்துபோனது. இங்கே பவன் செராவத். 2019-ல் ஒரே ஆட்டத்தில் 39 ரெய்டு புள்ளிகள் எடுத்து பர்தீபின் 34-ஐத் தாண்டியவர். 2022-ல் நம் தமிழ் தலைவாஸ் 2 கோடியே 26 லட்சம் கொடுத்து அவரை வாங்கியது. அணியின் முதல் ஆட்டத்திலேயே, குஜராத் அணிக்காகப் பாடவந்த நம் ஊர்க்காரர் சந்திரன் ரஞ்சித்தைப் பிடிக்கப் போய் முழங்கால் போயிற்று. சீசனே போயிற்று. பவன் அறுவைச் சிகிச்சை செய்து, பொறுமையாகத் தேறி, 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கித் தங்கம் வென்றார். அவருக்கு நல்ல மருத்துவர்களும் காத்திருக்கக்கூடிய வசதியும் இருந்தன.

இருவருக்கும் அடிபட்டது தங்கள் சொந்த வேலையைச் செய்யும்போது இல்லை. எதிராளியைத் தடுக்கப் போனபோதுதான். உள்ளூரில் ரெய்டர் பையன்கள் பிடிக்கும் பயிற்சியே எடுப்பதில்லை. “அண்ணன் பாடுவாரு, பிடிக்க நாங்க இருக்கோம்” என்று சக ஆட்டக்காரர்களே சொல்லிவிடுகிறார்கள். ஆட்டத்தில் எதிராளி கைக்கெட்டும் தூரத்தில் வந்தால் ஆசை விடுமா? பழகாத உடம்போடு குறுக்கே பாய்வான். உங்கள் மகனுக்குத் தொடையைப் பிடிப்பது, கணுக்காலைப் பிடிப்பது, விழும்போது காலை மடக்கிக்கொள்வது எல்லாவற்றையும் முறையாகச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். பின்னால் ரெய்டு குறையும்போது பிடித்துப் பிழைக்கவும் அது உதவும்.

முழங்கால் விஷயத்தில் நீங்களே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆட்டத்தில் திரும்பும்போது உள்ளே ‘டப்’ என்று ஏதோ விட்டமாதிரி இருந்தது என்று சொன்னாலோ, சில மணி நேரத்துக்குள் முட்டி வீங்கிவிட்டாலோ, மாடிப்படி இறங்கும்போது கால் நழுவுகிறது என்றாலோ, அதைச் சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் போட்டு நீவ விடாதீர்கள். நாட்டுக் கட்டும் போட வேண்டாம். எலும்பு மூட்டு மருத்துவரிடம் காட்டி ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். கிழிந்த லிகமெண்டோடு நாலு போட்டி ஆடிவிட்டு வருகிற பையன்களுக்கு, கூடவே இருக்கும் ஜவ்வும் போயிருக்கும். அறுவைச் சிகிச்சை என்றாகிவிட்டால் திரும்ப ஆடக் குறைந்தது ஒன்பது மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு மாதத்தில் வலி இல்லை என்பதற்காக இறக்கிவிட வேண்டாம்.

எடைப் பிரிவுப் போட்டிகளைப் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் நாள் இரவு சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல், பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டு ஓடி எடையைக் குறைத்துவிட்டு மறுநாள் ராத்திரி பூரா ஆடுகிறார்கள். வளருகிற உடம்பு. இதைச் செய்யச் சொல்லுகிற அணி எதுவாக இருந்தாலும் அந்த அணி உங்கள் மகனுக்கு வேண்டாம்.

இனிப் பிழைப்பு. வெளியூர் அணிகள் கொடுக்கும் பணம் செலவுக்கு ஆகும். அந்தப் போட்டிகளில் கொடுக்கும் சான்றிதழ் வேலைக்கு ஆகாது. பல குடும்பங்களுக்கு இது தெரியாமல் போவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. வருஷக்கணக்கில் சுழற்கோப்பைகளாக வாங்கி அடுக்கிவிட்டு, வேலைக்கு மனுப் போடும்போதுதான் அங்கீகரிக்கப்பட்ட போட்டிச் சான்றிதழ் ஒன்றுகூட இல்லை என்று தெரியவரும். அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. காவலர் தேர்வில் 10 சதவீதம். ரயில்வேயும் விளையாட்டு வீரர்களைத் தனியாக எடுக்கிறது. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள் ஒதுக்குகிறார்கள். இவை எல்லாவற்றுக்கும் பள்ளிக் கல்வித்துறைப் போட்டிகள், முதலமைச்சர் கோப்பை, பல்கலைக்கழகப் போட்டிகள், மாநில அணிக்காக ஆடும் தேசியப் போட்டிகள் போன்றவற்றின் சான்றிதழ்கள்தான் எடுபடும். உடற்கல்வி ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். நாமக்கல்லில் மாவட்ட விளையாட்டு அலுவலகத்திலும் ஒரு நடை போய்க் கேளுங்கள். எந்தச் சான்றிதழ் எந்தப் படிவத்தில் வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

புரோ கபடியில் இடம் கிடைத்துவிட்டால்? கிடைக்கட்டும், நன்றாகவே இருக்கும். கடந்த சில ஏலங்களில் கடைசிப் பிரிவின் அடிப்படை விலையே 9 லட்சம் ரூபாய். தமிழ்நாட்டுப் பையன்கள் போகாத இடமும் இல்லை. 2019-ல் பெங்கால் வாரியர்ஸ் கோப்பை வென்றபோது அந்த அணியில் பாடியவர்களில் நம் கே. பிரபஞ்சனும் ஒருவர். ஆனால் அந்தப் பணம் சீசனுக்குச் சீசன் ஏலத்தில் தீர்மானமாகிற பணம். 1 கோடியே 65 லட்சத்துக்குப் போனவர் நாலே வருஷத்தில் விலை போகாமல் நின்றதை மேலே பார்த்தோம்.

எம்மிட் ஸ்மித் பற்றி உங்கள் அண்ணன் மகன் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அவர் புளோரிடா பல்கலைக்கழகப் படிப்பை முடிக்காமலே 1990-ல் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தவர். பட்டம் வாங்கிவிடுகிறேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். மூன்று சூப்பர் பவுல் கோப்பைகளை வென்று, கோடிக்கணக்கில் சம்பாதித்த பிறகும், ஓய்வு மாதங்களில் போய்ப் படித்து 1996-ல் பட்டத்தை வாங்கினார். ஆட்டத்திலிருந்து விலகியபின் நிலம், கட்டடத் தொழிலில் இறங்கினார். அவரிடமிருந்து உங்கள் மகன் எடுத்துக்கொள்ள வேண்டியது நழுவுவது மட்டும் அல்ல.

இப்போதைக்கு நீங்கள் செய்யவேண்டியது இவ்வளவுதான். பிளஸ் டூ பரீட்சை முடியும்வரை மின்னொளிப் போட்டி மாதம் ஒன்றுக்கு மேல் வேண்டாம். பள்ளி அணிக்கு எத்தனை ஆட்டம் என்றாலும் போகட்டும். காலைப் பயிற்சி நிற்க வேண்டாம். கல்லூரியைத் தேர்வு செய்யும்போது கபடி அணியும் மேட் வசதியும் உள்ள கல்லூரியாகப் பாருங்கள். அவன் கோபித்துக்கொண்டால் இந்தப் பக்கத்தைக் கிழித்து அவன் கையில் கொடுங்கள். சந்தேகம் இருந்தால் அவனே எனக்கு எழுதட்டும், பதில் போடுகிறேன்.